நாலால் பெருக்கிய கணக்கு

லிஃப்ட் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயர் பர்சென்ட். வயதில் சின்னவர்கள் பர்சென்ட் அண்ணன் என்பார்கள், அவ்வளவுதான் மரியாதை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டு ஐயோ ஐயோ என்று கதறிக்கொண்டிருந்தாலும், இந்த மனுஷன் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்கம்மா, இது கீழ விழ சான்ஸ் நூத்துல ஒண்ணுகூட இல்ல" என்பார். விழுவது என்ற வார்த்தையைக் கேட்டதுமே அந்த அம்மாள் இன்னும் இரண்டு மடங்கு கத்துவாள். ஏன் கத்துகிறாள் என்று இவருக்குக் கடைசிவரை விளங்காது. மேலே போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து, கதவைத் திறந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கெட்டவர் என்று வாய்கூசாமல் யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, வம்பு கிடையாது, குரல் உயர்த்திப் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் சீட்டு, அதிலும் போக்கர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம், கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவு ஒன்றை இரண்டு டிரம்மின் மேல் படுக்கவைப்பார்கள். அதுதான் மேஜை. இவர், வெல்டர், வேன் டிரைவர், ஸ்டோர்காரர் என்று நாலு பேர். காசு வைத்து ஆடினால் மேனேஜர் நாலு பேர் சீட்டையும் கிழித்துவிடுவார் என்பதால் வாஷர் வைத்து ஆடுவார்கள்.

ஆட்டம் சுலபம்தான். ஆளுக்குக் கவிழ்த்த சீட்டு இரண்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்னும் பந்தயம் கட்ட வேண்டும். கட்ட மனசில்லாதவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் பெரிய கை. கையில் இரண்டு ஆட்டின், நடுவில் இரண்டு ஆட்டின் என்று விழுந்துவிட்டால், ஐந்தாவது ஆட்டினுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனுஷ சுபாவம். மற்றவர்கள் கும்பிட்ட கடவுளையெல்லாம் கூப்பிடுவார்கள். பர்சென்ட் எண்ணுவார். மொத்த ஆட்டின் பதிமூன்று, நாலு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, மிச்சம் ஒன்பது. இன்னும் பார்க்காத சீட்டு நாற்பத்தேழு. நாற்பத்தேழில் ஒன்பது என்றால் எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வராதவனுக்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். இரண்டு சீட்டு வரவேண்டியிருந்தால் நாலால் பெருக்கு. ஒரே சீட்டுதான் பாக்கி என்றால் இரண்டால் பெருக்கு. முப்பத்தாறு அல்லது பதினெட்டு. நூறு தடவை ஆடினால் ஏறக்குறைய அத்தனை தடவை வரும். பிறகு கிடைக்கப்போவதையும் கட்டப்போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டுவது நியாயமா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த மனுஷனின் வேதம் முழுக்க இவ்வளவுதான்.

ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் இருக்காது. "முடிவு சரி. சீட்டு வரல, அது வேற விஷயம்" என்பார். வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அண்ணே, தோத்தா ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லுண்ணே, எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்பான். சொல்ல மாட்டார். வரவே வராத வார்த்தையை மனுஷன் எப்படிச் சொல்லுவார்?

இந்தப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போயிருந்தால் நான் இவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாணத்துக்குப் பிறகு பெருத்துப்போன மாப்பிள்ளைகளுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது. சின்ன வயதில் கத்திரி முனை குத்தி வலது கண் போனது போனதுதான். இருந்த இடது கண் ஒன்றை வைத்துக்கொண்டு கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைப்பாள். யாராவது உச்சுக் கொட்டினால், "ரெண்டு கண்ணு வெச்சிருக்கீங்களே, இந்தத் தையல் எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுங்க பார்ப்போம்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாபின் மாற்றிக்கொண்டிருந்தவளுக்குப் பார்வையின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ இறங்கி வந்தது. "என்னங்க, கரன்ட் போயிடுச்சா?" என்றாள். கரன்ட் இருந்தது.

கண் டாக்டர் ஒளித்துப் பேசாத பெண்மணி. விழித்திரை கிழிந்து சுருண்டுவிட்டது என்றார். ஆபரேஷன் செய்து ஒட்டிப் பார்க்கலாம், முதல் தடவை ஒட்டவில்லை என்றால் இன்னொரு தடவை. "ஒவ்வொரு தடவையும் அஞ்சு பேர்ல ஒருத்தருக்குத்தான் தைக்கற அளவுக்குப் பார்வை திரும்புது. பொய் சொல்லி உங்களை இழுத்துவிட எனக்கு இஷ்டமில்ல" என்றார். ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கில் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விடக்கூடும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். எல்லாம் சொன்னார். பர்சென்ட் காதில் ஏறியது இரண்டே இரண்டு விஷயம். ஐந்தில் ஒன்று. இரண்டு தடவை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அஞ்சுல ஒண்ணுன்னா ஏறக்குறைய ஒன்பது ஆட்டின் மாதிரி. ரெண்டு சீட்டு வரப்போகுது. நாலால பெருக்கு. முப்பத்தாறு."

"முப்பத்தாறுன்னா?"

"மூணுல ஒண்ணுக்கும் மேல. கட்டலாம்."

"சரி" என்றாள். கட்டுகிறவள் அவள்தான் என்பது அந்தப் பெஞ்சில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

குப்புறப் படுப்பது என்றால் கேட்கச் சுலபமாக இருக்கிறது. கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை அடைத்து அனுப்புகிறார்கள். அது மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்கு முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், கக்கூஸ் போவது எல்லாம் குனிந்த தலையோடு. அவள் அக்கா வந்து தங்கினாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து ஸ்பூனால் ஊட்டினாள். படுத்திருந்தவளுக்குக் கழுத்து கட்டையாகிப்போனது, மூக்கு வீங்கியது, நெற்றித் தோல் உரிந்தது, வாயிலிருந்து எச்சில் ஒழுகியபடி கிடந்தாள். பர்சென்ட் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் உள்சுவருக்கு ஒட்டுகிற ஃபோமைக் கொண்டுவந்து, முகம் பொருந்துகிற மாதிரி நடுவில் ஓட்டை வெட்டிக்கொடுத்தார். அளவு கச்சிதமாக இருந்தது. ஆனால் குனிந்து அந்த ஓட்டை வழியாக அவள் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா என்றால், இல்லை.

விழித்திரை ஒட்டவில்லை. மிஞ்சியது வெளிச்சம் மட்டும். ஜன்னல் எது, சுவர் எது, யாரோ நடக்கிறார்கள், யாரோ நிற்கிறார்கள், அவ்வளவு தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் இந்த மனுஷன் வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "நம்ம முடிவு சரிதான். சீட்டு வரல." பின் சீட்டில் இருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன ஜென்மம்டி இது" என்றாள் காதுபடவே. மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

அவருக்கு என்னதான் தோன்றியது என்று கேட்டால், உண்மையில் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது. காலையில் எழுந்தார். ஒரு டஜன் ஊசியில் நூல் கோத்து, கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று குஷனில் குத்தி வைத்தார், ஏனென்றால் தடவிப் பார்த்துப் பட்டன் தைப்பதை மட்டும் அவள் விடவில்லை. பிறகு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தார். சாப்பிட்டார். தட்டைக் கழுவினார். மறுநாளும் அப்படியே.

அக்கா அவள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாவது ஆபரேஷன் செய்வதானால் உடனே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பிரயோஜனமில்லை, திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தை இன்னொரு தடவை பணயம் வைப்பதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பர்சென்ட். "ரெண்டாவது சீட்டு பாக்கி இருக்கு. முப்பத்தாறுல அதுவும் சேர்ந்ததுதானே."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல ஆட்டம். வெல்டர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று தெருமுனையில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும், அப்படி ஒரு ஓட்டைவாய். நடுவில் மூன்று சீட்டு திறந்ததும் துள்ளினான். "எனக்கு ரெண்டு ஆட்டின், கீழ ரெண்டு ஆட்டின். ஒன்பது பாக்கி, நாலால பெருக்கினா முப்பத்தாறு. அண்ணன் சொல்லிக்குடுத்த கணக்கு!" டிரைவர் ஒரு கை நிறைய வாஷரைத் தள்ளினான். வெல்டரும் தள்ளினான். மற்ற இரண்டு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நாலாவது சீட்டு திறந்தது. ஆட்டின் இல்லை, கிளாவர். டிரைவர் அசராமல் இன்னொரு கை வாஷரைத் தள்ளினான்.

"இன்னும் ஒரு சீட்டு இருக்குல்ல, முப்பத்தாறுல பாக்கி" என்று வெல்டர் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டான்.

பர்சென்டுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தில் கோபம் வராதவருக்குத் தப்புக் கணக்கைப் பார்த்தால் மட்டும் வரும். "டேய், உனக்கு எத்தனை தடவைடா சொல்றது? நாலால பெருக்கறது ஒரே தடவை கட்டிட்டு ரெண்டு சீட்டையும் பார்க்கறவனுக்கு. உன்கிட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் தனியா வாங்கறாங்க. உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ரெண்டாலதான். பதினெட்டு. ரெண்டாவது சீட்டைக் காட்டி முதல் சீட்டுக்குக் கட்ட வெச்சா அது…"

வாக்கியம் அங்கேயே நின்றுபோனது.

"அது என்னண்ணே?" என்றான் வெல்டர்.

ஆஸ்பத்திரி பெஞ்சும், "கட்டலாம்" என்று தான் சொன்னதும், அவள் "சரி" என்றதும்தான் பர்சென்ட் கண்முன் நின்றன. அவளிடம் ஒவ்வொரு தடவைக்கும் தனியாகத்தானே வாங்கினார்கள்? ஒரு தடவை குப்புறப் படுத்தால் இரண்டு ஆபரேஷனும் என்றா டாக்டர் சொன்னார்? ஊர் முழுக்கத் திருத்திக்கொண்டு திரிகிற தப்பை, வீட்டுக்குள் தானே செய்து, அதை நம்பிய ஒரே ஆளைப் படுக்கையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்.

ஐந்தாவது சீட்டு திறந்தது. ஆட்டின். வெல்டர் குதித்த குதியில் டிரம் ஆடியது. "வந்துச்சு பாரு! வந்துச்சு பாருண்ணே!" என்று கத்தினான். பர்சென்ட் ஏற்கெனவே எழுந்து போய்விட்டிருந்தார்.

வீட்டில் அவள் முன்னறையில் வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்டு ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வாசல் வெளிச்சத்தை ஒரு உருவம் மறைத்ததும், "சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள்.

"கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"முப்பத்தாறு. நாலால பெருக்கினது தப்பு. நீ ஒவ்வொரு தடவைக்கும் தனியா கட்டணும்னு நான் பார்க்கல. ரெண்டாலதான் பெருக்கியிருக்கணும். பதினெட்டுன்னு சொல்லியிருக்கணும்."

ஊசியைக் குஷனில் தடவிக் குத்தினாள். "பதினெட்டுன்னு சொல்லியிருந்தா நான் படுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"கழுத்து வலியில செத்துடலாம்னு தோணிச்சுங்க. முப்பத்தாறு முப்பத்தாறுன்னு சொல்லிக்கிட்டேதான் கிடந்தேன்."

அவர் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரி, இப்ப எத்தனை?"

"அதே பதினெட்டு. போன சீட்டு வரலைங்கறதுக்காக அடுத்த சீட்டு இரக்கப்படாது."

"கட்ட வேண்டியது?"

"மறுபடி குப்புற. அப்புறம்…" குஷனில் சாய்ந்திருந்த ஓர் ஊசியை நிமிர்த்திக் குத்தினார். "இருக்கற வெளிச்சம்."

அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தெருவில் சைக்கிள் ஒன்று போனது, அதன் நிழல் எவ்வளவு தூரம் போகிறது என்று கவனிக்கிற மாதிரி தலை மெதுவாகத் திரும்பியது. "உங்க மேஜையில ஒருத்தன் இந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா என்ன சொல்வீங்க?"

"கீழ வெச்சுடுன்னு சொல்லுவேன்."

"அப்ப வெச்சாச்சு" என்றாள். "திங்கட்கிழமை டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. இந்த வாசலாவது எனக்கு இருக்கட்டும்."

முடிந்தது. கணக்கும் சரி, முடிவும் சரி. பர்சென்ட் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இல்ல, கொஞ்சம் இரு" என்றார். "அவங்க சொன்னது எல்லாருக்கும் பொதுவான கணக்கு. உனக்கு வயசு அவ்வளவு ஆகல. அதுக்கு ஒரு சீட்டு கூட்டிக்கலாம். பத்து. உனக்குச் சர்க்கரை கிடையாது. பதினொண்ணு. போன தடவை நீ ஒழுங்கா படுத்திருந்த, இந்தத் தடவையும் படுப்ப. பன்னிரண்டு. இன்னைக்குக்கூட வெல்டருக்கு வந்துச்சு, தெரியுமா? கடைசிச் சீட்டுல வந்துச்சு."

"வந்துச்சுங்கறதால அவன் கட்டினது சரியாயிடுமா?"

"ஆகாது. ஆனா வந்துச்சே. பதிமூணுன்னு வெச்சுக்கயேன். மிஷின்லாம் இப்ப புதுசா வந்திருக்கு. பதினாலு…"

கண்டவனையெல்லாம் திட்டித் திருத்திய மனுஷன், சீட்டுக்கட்டிலேயே இல்லாத சீட்டை எண்ணிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் உதிரிபாகத்தின் நம்பரைப் படிக்கிற மாதிரி ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டிருந்தது.

"மொத்த ஆட்டினே பதிமூணுதாங்க" என்றாள் கடைசியில்.

அவர் நிறுத்தினார்.

"என்னங்க."

"ம்."

"உங்க மூஞ்சி இப்ப எப்படி இருக்கு?"

"ஏன் கேக்கற?"

"முன்னெல்லாம் நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தாலும் எனக்குத் தெரியும். தாடை ஒரு பக்கமா இறங்கும். வேற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்ல. இப்ப அந்த இடத்துல ஒரு நிழல்தான் இருக்கு. பஸ்ல வரும்போது சீட்டு வரலன்னீங்களே, அப்ப உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல எனக்கு. நிஜமாவே இவருக்கு ஒண்ணும் இல்லையோன்னு பயந்துட்டேன். கண்ணு போனதைவிட அதுதாங்க பெரிய பயம்."

அவர் வாயைத் திறந்தார். எண் ஒன்றுதான் வருமோ என்று பார்த்தால் அதுவும் வரவில்லை.

"வாயால சொல்லுங்க" என்றாள். "இனிமே எனக்கு வேற வழி இல்ல."

"வருத்தமா இருக்கு" என்றார். யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது.

"இன்னும்."

"நான்தான் உன்னைப் படுக்க வெச்சேன். அது…" கையால் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கு. நீ இனிமே என்னைப் பார்க்கவே மாட்ட. அதை நினைச்சாப் பயமா இருக்கு."

அவள் கையை நீட்டித் துழாவி அவர் முழங்காலைக் கண்டுபிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் சொல்லணும்" என்றாள். "தினமும் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். தலையாட்டினால் போதாது என்று ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"சொல்றேன்" என்றார்.